வீட்டுப் பட்டறையில் லேத்தும் மில்லிங் மெஷினும்: சுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன லேத் (உலோகத் துண்டைச் சுழற்றிக் கடையும் மெஷின்), மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் சீவும் மெஷின்), பெஞ்ச் டிரில் என்று வீட்டிலேயே வைத்து வேலை செய்கிறவர்களுக்காக இது. தொழிற்சாலை மெஷின் நாள் முழுக்க ஓடும், எண்ணெயும் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டு மெஷின் வாரத்தில் ஒரு நாள் ஓடினால் பெரிது. மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும். அதனால் ஓடித் தேய்வதோடு நின்றே கெடுவதும் சேர்ந்துகொள்கிறது.

மெஷின் என்றால் அழுக்கு இருக்கத்தானே செய்யும்? இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

எல்லா அழுக்குக்கும் மெனக்கெட வேண்டியதில்லை. பெயின்ட் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும், டிரேயில் குவிந்து கிடக்கும் சிப்ஸும் (வெட்டும்போது உதிரும் உலோகச் சீவல்) பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிற முகங்களுக்கு நடுவிலும், ஒன்றுக்குள் ஒன்று உட்காருகிற முகங்களுக்கு நடுவிலும் போய்ச் சேரும் தூளைப் பற்றித்தான். பெட்டுக்கும் (லேத்தின் நீள அடித்தளம்) அதன்மேல் ஓடும் சேடிலுக்கும் நடுவே, லீட் ஸ்க்ரூவுக்கும் (சேடிலை நகர்த்தும் நீளத் திருகு) அதைப் பற்றும் ஹாஃப் நட்டுக்கும் நடுவே, ஸ்பிண்டில் டேப்பருக்கும் (சுழலும் தண்டின் கூம்புத் துளை) அதில் உட்காரும் சென்டருக்கும் நடுவே, மில்லிங் மெஷின் டேபிளுக்கும் துண்டைப் பிடிக்கும் வைஸுக்கும் நடுவே.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 150 மி.மீ. நீள அடிப்பாகம் உள்ள வைஸின் ஒரு முனைக்கு அடியில் 0.05 மி.மீ. தடிமனில் ஒரு சிப் மாட்டிக்கொள்கிறது. மெல்லிய தலைமுடி அளவுதான். வைஸ் அந்த அளவுக்குச் சாயும். அதில் பிடித்து மில் செய்த 100 மி.மீ. கட்டையின் ஒரு முனை மறுமுனையைவிட 0.03 மி.மீ.க்கு மேல் தடித்து வரும். ஆள் மெஷினைத் திட்டுவார், கட்டரைத் திட்டுவார், குற்றவாளி மட்டும் வைஸுக்கு அடியில் நிம்மதியாகப் படுத்திருக்கும். பிரஷ்ஷும் துணியும் போட்ட பிறகு, வைஸை இறக்கும் முன் டேபிளையும் வைஸின் அடியையும் வெறும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தட்டுப்படும்.

வேலை முடிந்ததும் லேத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நீளச் சுருள்களைக் கொக்கிக் கம்பியால் இழுத்து எடுக்க வேண்டும். விரலால் இழுக்கவே கூடாது, அதன் ஓரம் பிளேடுதான். ஓடிக்கொண்டிருக்கும் சக்கில் (துண்டைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) சுற்றிய சுருளைக் கொக்கியால்கூடத் தொடாதீர்கள். கையுறை போட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், துணியைப் பிடித்துக்கொண்டால் கையோடு இழுத்துவிடும்.

அப்புறம் பிரஷ். மேலிருந்து கீழே வாருங்கள்: சக், டூல் போஸ்ட் (வெட்டும் டூலைப் பிடிப்பது), கிராஸ் ஸ்லைடு (அதைக் குறுக்கே நகர்த்துவது), சேடில், கடைசியில் பெட். சேடிலை டெயில் ஸ்டாக் பக்கம் (சக்குக்கு எதிர்முனை) நகர்த்தி, சக்கின் அடியில் இருக்கும் பகுதியை நன்றாகக் கூட்டவும். பெட் அதிகம் தேய்வது அங்கேதான், ஏனென்றால் பெரும்பாலான வேலை சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

பெட்டைத் துடைத்து, மெல்லிசாக ஸ்லைடுவே ஆயில் (வழுக்கும் முகங்களுக்கான எண்ணெய்) தடவி, சேடிலைக் கையால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை ஓட்டுங்கள். இப்போது சேடிலின் முனையில் பெட்டைத் துடைத்தபடி போகும் வைப்பரின் ஓரத்தில் எண்ணெய் ஒரு கோடாக ஒதுங்கி நிற்கும். அந்தக் கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய் போட்ட நிறத்திலேயே இருந்தால் வேலை முடிந்தது. சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் உள்ளே இன்னும் தூள் இருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்ப எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். பலமுறை ஓட்டியும் நிறம் தெளியவில்லையா? வைப்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) வைப்பர் என்றால் மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, எண்ணெயில் ஊறவைத்து மாட்டலாம். கல் மாதிரி இறுகிப்போயிருந்தால் புதிது வெட்டிப் போடுவதே நல்லது. உலோகத் தூள் பதிந்த வைப்பர் பெட்டைத் துடைக்காது, தேய்க்கும்.

ஏர் கன் வைத்து ஊதிவிட்டால் ஒரு நிமிட வேலைதானே?

ஊதினால் சிப்ஸ் கண்ணிலிருந்து மறையும், மெஷினை விட்டுப் போகாது. காற்றுக்கு இடுக்குதான் வழி. வைப்பரைத் தாண்டி சேடிலுக்கு அடியில், சக்கின் உள்ளே, பேரிங் சீலைத் தாண்டி, மோட்டாருக்குள் என்று துடைக்கவே முடியாத இடங்களுக்கு நாமே தூளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். கொஞ்ச நேரத்தில் மெஷின் பளிச்சென்று தெரிவதால்தான் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

கண்ணுக்கும் ஆபத்து. சுத்தம் செய்ய ஊதும் காற்றின் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இருக்க வேண்டும், தெறிப்பைத் தடுக்க மறைப்பும் பாதுகாப்புச் சாதனமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. வீட்டுக் கம்ப்ரஸர்களில் பல 8 பார் வரை, அதாவது 115 பி.எஸ்.ஐ. வரை, போகும். தோலோடு ஒட்டி வைத்து ஊதினால் காற்று உடம்புக்குள்ளேயே போக முடியும். சட்டையில் ஒட்டிய தூளை ஏர் கன்னால் தட்டுவதை விளையாட்டாகக்கூடச் செய்யக் கூடாது.

ஏர் கன்னுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. மெஷினிலிருந்து கழற்றிய துண்டில், மறுபக்கம் திறக்காத திரெட் துளைக்குள் தங்கிய சிப்ஸை எடுக்க அதைவிட வசதி இல்லை. துளையின் வாயைத் துணியால் மூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெஷினை விட்டுத் தள்ளி நின்று ஊதுங்கள்.

எந்த பிரஷ், எந்தத் துணி?

பெயின்ட் அடிக்கிற சாதாரண பிரஷ் போதும். 2 அங்குலத்தில் ஒன்று, இடுக்குகளுக்கு 1 அங்குலத்தில் ஒன்று. முடியைப் பாதியாக வெட்டிவிட்டால் விறைப்பாக நிற்கும், நன்றாகக் கூட்டும். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் கம்பி உடைந்து விழுந்தால் அதுவும் ஒரு சிப்தான்.

துணிக்குப் பழைய பனியன் துணி மாதிரி எதுவுமில்லை. காட்டன் வேஸ்ட் எண்ணெயை நன்றாக உறிஞ்சும், ஆனால் நூல் உதிர்க்கும். உதிர்ந்த நூல் வைப்பர் ஓரத்திலும் கியரிலும் போய்ச் சுற்றும். சிப்ஸ் துடைத்த துணியால் பெட்டைத் துடைக்காதீர்கள். இரண்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

வேக்யூம் கிளீனர் பயன்படுத்தலாமா?

தாராளமாக. இருப்பதிலேயே நல்ல வழி அதுதான், தூளை இடுக்குக்குள் தள்ளாமல் வெளியே இழுக்கிறது. ஆனால் வீட்டுக்குள் தரை கூட்டுகிற மெஷினை இதற்கு எடுக்காதீர்கள். ஈரம், உலர் இரண்டையும் தாங்கும் பட்டறை வேக்யூம் வேண்டும். நீளச் சுருள் குழாயில் சிக்கும், அதை முதலில் கொக்கியால் எடுத்துவிடுங்கள். அப்போதுதான் வெட்டிய சூடான சிப்ஸையோ, கிரைண்டர் பொறி விழுந்த தூளையோ உடனே உறிஞ்சினால் உள்ளேயிருக்கும் பையும் எண்ணெய்த் தூளும் புகைய ஆரம்பிக்கலாம். ஆறட்டும், பிறகு எடுக்கலாம்.

காந்தம்?

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு டிரேயில் துழாவுங்கள். இரும்புச் சிப்ஸ் பைமேல் ஒட்டும். குப்பைத் தொட்டிக்கு மேலே பையை உள்வெளியாகப் புரட்டி, காந்தத்தைப் பிரித்தெடுத்தால் சிப்ஸ் மொத்தமும் பையிலேயே தங்கிவிடும். அலுமினியம், பித்தளை, சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் இதற்குப் பெரும்பாலும் அசையாது. பெட்மேலும் அளவுக் கருவிகள் பக்கத்திலும் காந்தத்தை வைக்க வேண்டாம். காந்தமேறிய இரும்பு அதன்பின் எல்லாத் தூளையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிசுக்கு ஏறிய மெஷினை எதில் கழுவுவது? பெட்ரோல் நன்றாகக் கரைக்கிறதே?

கரைக்கும், உண்மைதான். ஆனால் பெட்ரோலின் தீப்பற்று நிலை சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அதாவது எந்த அறை வெப்பத்திலும் அது எரியத் தயாரான ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்துபோய் எங்கேயோ இருக்கும் ஸ்விட்ச் பொறியைத் தேடிக்கொள்ளும். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் பெட்ரோலுக்கு இடமே இல்லை.

மண்ணெண்ணெயும் மினரல் டர்பன்டைனும் போதும். மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை 38 டிகிரிக்கு மேல். அதுவும் எரியும் பொருள்தான், ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டிக் கழுவாமல் பிரஷ்ஷில் தொட்டுத் தடவி, ஊறவிட்டுத் துடைத்தால் போதும். கொட்டினால் கரைந்த அழுக்கு பேரிங்குக்குள் இறங்கும். கழுவிய இடத்தில் எண்ணெய்ப் படலமே இருக்காது என்பதால் உடனே எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாளே செம்புள்ளி தெரியும். கையை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், தோலின் எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும்.

தின்னரும் அசிட்டோனும் பெயின்ட்டை உரித்துவிடும். பிரேக் கிளீனர் வாங்கினால் குளோரின் கலந்த வகையை எடுக்காதீர்கள். அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இரும்பில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் விஷவாயுவாகப் பயன்பட்டதே, அதேதான்.

டபிள்யூ.டி-40 அடித்துவிட்டால் போதாதா?

1953-ல் அதை உருவாக்கியது ஈரத்தை விரட்டுவதற்காக. பெயரில் இருக்கும் 40, நாற்பதாவது முயற்சியில் ஃபார்முலா கைகூடியதைக் குறிக்கிறது. பிசுக்கைக் கழற்ற, நனைந்த பாகத்திலிருந்து தண்ணீரை வெளியேற்ற, அலுமினியம் வெட்டும்போது கட்டரில் ஒட்டாமல் இருக்க அருமையான சரக்கு. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போகும், மிஞ்சுவது மெல்லிய படலம்தான். பெட்டில் கனமான சேடில் ஓடும்போது அந்தப் படலம் தாங்காது.

அங்கே வேண்டியது ஸ்லைடுவே ஆயில். உங்கள் மெஷின் கையேடு வேறு சொல்லாவிட்டால் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68 வகை (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்). ஒட்டும் தன்மைக்காகச் சேர்மானம் கலந்திருப்பதால் வழியாமல் நிற்கும். சமையல் எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். கொஞ்ச நாளில் காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும், அதை எடுப்பது தனி வேலை.

வார்ப்பிரும்பு கடைந்தால் எல்லாமே கறுப்பாகிவிடுகிறது. என்ன செய்வது?

வார்ப்பிரும்பில் சுருள் வராது, பொடிதான் உதிரும். அதில் கிராஃபைட் இருப்பதால் கையிலும் மூக்கிலும் கறுப்பாக ஒட்டும். வார்ப்புத் துண்டின் மேல்தோலில் அச்சு மணலும் ஒட்டியிருக்கலாம். எண்ணெயோடு சேர்ந்தால் இது வால்வு அரைக்கிற லேப்பிங் பேஸ்ட்டேதான், பெட்டும் சேடிலும் ஒன்றையொன்று அரைக்கும்.

ஆகவே வழக்கத்துக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வேலை தொடங்கும் முன் பெட்டில் எண்ணெயைத் துடைத்துக் குறையுங்கள், சக்கின் அடியிலிருந்து சேடில்வரை காகிதமோ துணியோ விரித்து மூடுங்கள் (சுழலும் எதிலும் சிக்காதபடி, நன்றாக ஒதுக்கி). கட்டிங் ஆயிலோ கூலண்ட்டோ (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) வேண்டாம், வார்ப்பிரும்பை உலர்வாகவே கடையலாம். வேக்யூம் குழாயை டூலுக்குப் பக்கத்தில் பிடித்து, வரவர உறிஞ்சிக்கொண்டே போவது நல்லது. முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்ததும் முதலில் வேக்யூம், பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணி, கடைசியில்தான் எண்ணெய். மேலே சொன்ன நிறம் பார்க்கும் சோதனை இங்கேதான் உண்மையாகக் கைகொடுக்கும்.

லேத்தில் வைத்து எமரித் தாள் தேய்க்கும்போதும் இதே ஏற்பாடுதான். எமரியிலிருந்து உதிர்வது இரும்பைவிடக் கடினமான துகள். மூடிய துணியை உதறாமல் மடித்து எடுங்கள்.

மூன்று தாடை சக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமா?

தாடைகள் கரகரவென்று நகர்ந்தாலோ, வழக்கத்தைவிட ரன் அவுட் (சுழலும்போது நடுவிலிருந்து விலகி ஆடுவது) அதிகமானாலோ கட்டாயம் செய்ய வேண்டும். மற்றபடி எப்போதாவது போதும்.

முழுதாகப் பிரிக்கும் முன் தாடைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், பாதிக் குப்பை அங்கேதான். பெட்மேல் ஒரு பலகையை வைத்துவிட்டுத் தொடங்குங்கள், கை தவறி விழும் தாடை பெட்டில் போடும் பள்ளம் நிரந்தரம். தாடைகளில் 1, 2, 3 என்று எண் இருக்கும், சக்கின் காடிகளிலும் இருக்கும். தாடையின் பற்களையும் உள்ளே தெரியும் சுருள் காடியையும் (தாடைகளை நகர்த்தும் சுருள் வடிவப் பள்ளம்) பல் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் துடையுங்கள். சாவியைத் திருகத் திருக, சுருளின் மறைந்த பகுதி ஒவ்வொன்றாக முன்னால் வரும். பல் அடியில் அழுந்திப்போன சிப் தகடு மாதிரி ஒட்டியிருக்கும், அதை மூங்கில் குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ நெம்புங்கள்.

மாட்டும்போது சுருளின் தொடக்க முனை முதல் காடியில் தெரியும்வரை திருகி, 1-ஐ விட்டு அழுத்திப் பிடித்துத் திருகவும். அது பிடித்ததும் 2, பிறகு 3. மூன்றும் நடுவில் ஒன்றாகச் சந்திக்க வேண்டும். ஒன்று பின்தங்கினால் வரிசை தப்பிவிட்டது என்று அர்த்தம், கழற்றித் திரும்ப மாட்டுங்கள். தயாரிப்பாளர் கிரீஸ் சொல்லியிருந்தால் சரி, இல்லாவிட்டால் சொட்டு எண்ணெய் போதும். அள்ளி அப்பிய கிரீஸ் சிப்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சக்கைக் கழற்றியிருக்கும்போதே ஸ்பிண்டில் முகத்தையும் சக்கின் பின்முகத்தையும் துடைத்துவிடுங்கள். டேப்பர் துளைக்குள் விரல் விடாமல், குச்சியில் துணி சுற்றித் துடைக்கவும், ஸ்பிண்டில் ஓடாமல்.

லீட் ஸ்க்ரூவின் பள்ளத்தில் கறுப்பு மை மாதிரி அடைந்திருக்கிறது. எப்படி எடுப்பது?

பிளக்கைப் பிடுங்குங்கள். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பருத்திக் கயிறு ஒன்றைத் திரெட்டின் பள்ளத்தில் அரைச் சுற்று போட்டு இரு முனையையும் பிடித்து இழுத்து இழுத்து விடுங்கள். உதவிக்கு ஒருவர் ஸ்க்ரூவைக் கையால் சுற்றினால் கயிறு தானே திரெட்டின் வழியே நடந்து அழுக்கை வழித்துக்கொண்டு போகும். மோட்டாரை ஓட்டி இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், கயிறும் விரலும் சுழலும் ஸ்க்ரூவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

கூலண்ட் நாறுகிறது. ஏன்?

மெஷின் நின்றுகொண்டிருப்பதால். மெஷினிலிருந்து வழியும் எண்ணெய் கூலண்ட்மேல் ஆடையாகப் படர்ந்து காற்றை மறிக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும், அழுகிய முட்டை வாடை அதுதான். ஆடையை அடிக்கடி வழித்தெடுத்து, வேலை இல்லாத நாளிலும் பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் நாற்றம் தள்ளிப்போகும். கலவை விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான், பொதுவாக 5 முதல் 10 சதவீதம். தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. நாறிவிட்டால் வாசனைத் திரவியம், பிளீச்சிங் என்று பரிகாரம் தேடாமல் வடித்து, தொட்டியைக் கழுவி, புதிதாகக் கலக்குங்கள். பிளீச்சிங்கின் குளோரைடு மெஷினைத் துருப்பிடிக்க வைக்கும்.

எப்போதாவது ஓடும் வீட்டு மெஷினுக்குக் கூலண்ட் தொட்டியே வேண்டாம் என்பேன். பிரஷ்ஷால் கட்டிங் ஆயில் தொட்டு வைத்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். தொட்டி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் வைஸைத் தூக்கி அடியைத் துடையுங்கள். அங்கே தங்கிய தண்ணீர் டேபிளில் வைஸின் உருவத்தையே துருவால் வரைந்துவிடும்.

மழைக்காலத்தில் எண்ணெய் தடவியும் துருப்பிடிக்கிறதே?

பனித்துளி படிவதுதான் காரணமாக இருக்கும். இரவில் குளிர்ந்த வார்ப்பிரும்பு காலையில் மெதுவாகத்தான் சூடாகும். ஈரக்காற்று அதற்குள் சூடாகி வந்து குளிர்ந்த இரும்பில் படும்போது தண்ணீராக மாறுகிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருவின் வேகம் கூடிவிடும்.

மெஷினைச் சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி சூடாக வைத்தால் பனி படியாது. அதற்குச் சிறிய வாட்டேஜ் ஹீட்டர் போதும், எண்ணெய்த் துணியும் சிப்ஸும் தொடாத இடத்தில் பாதுகாப்பாக வைக்க வேண்டும். மூடுவதற்குத் துணி நல்லது. பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். வியர்வைக் கை பட்ட இடத்தை மறக்காமல் துடையுங்கள், விரல் ரேகை அப்படியே துருவாக எழும்பும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில் அதே அறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் ஆவி மூடிய பாட்டிலிலிருந்தும் கசியும், அறையிலிருக்கும் அத்தனை இரும்பையும் துருவேற்றும். பாட்டிலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே வந்த துருவை எப்படி எடுப்பது?

மேலோட்டமான துரு என்றால் எண்ணெய் விட்டு, ஷேவிங் பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டி, மிக மெல்லிய ஸ்டீல் ஊல் கொண்டு தேய்த்துத் துடைத்தால் போய்விடும். கறை மிஞ்சும், இருக்கட்டும், கறை அளவைக் கெடுக்காது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு உப்புத்தாள் போட்டால்தான் பெட் கெடும். பச்சை நிற ஸ்க்ரப்பரிலும் அரைக்கும் துகள் உண்டு. பயன்படுத்தினால் பிறகு நன்றாகத் துடைத்தெடுங்கள்.

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை உண்டு, சலவை சோடா கரைசலில். அதில் ஸ்டெயின்லெஸ் தகட்டை நேர்மின்முனையாகப் (ஆனோடு) போடாதீர்கள். புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் கரைசலில் சேரும்.

மின்சாரப் பகுதிகளையும் சுத்தம் செய்ய வேண்டுமா?

ஆமாம், உலோகத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் காற்றோட்டத் துளைகளை வேக்யூமால் இழுங்கள். வேக மாற்றி பொருத்தியிருந்தால் அதன் கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்தே மூடியைத் திறக்க வேண்டும். சிப்ஸ் பறக்கும் திசையில் அதை வைக்காமல் இருப்பதே பாதித் தீர்வு.

சிப்ஸையும் எண்ணெய்த் துணியையும் என்ன செய்வது?

சிப்ஸை உலோகவாரியாகப் பிரித்து வைத்தால் பழைய இரும்புக்காரர் எடுப்பார், கலந்துவிட்டால் மதிப்பு போகும். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், டப்பாவில் சேர்த்து வைத்துப் பழைய எண்ணெய் வாங்குமிடத்தில் கொடுங்கள். துணியை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள். மர வேலைக்கு லின்சீட் எண்ணெய் தொட்ட துணி இருந்தால் குவித்து வைக்கவே வேண்டாம். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிட வேண்டும்.

மெக்னீசியம் வெட்டினால் அதன் சிப்ஸை அன்றன்றே வெளியேற்றுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஹைட்ரஜன் உண்டாகி இன்னும் மூளும். அதற்கென்று டி வகுப்புத் தீயணைப்பான் இருக்கிறது.

பெஞ்ச் கிரைண்டரை மெஷின் பக்கத்திலேயே வைக்கலாமா?

வேண்டாம். அதிலிருந்து பறப்பது முழுக்க அரைக்கும் தூள். வேறு மூலைக்கோ வேறு அறைக்கோ தள்ளுங்கள், முடியாவிட்டால் கிரைண்டர் ஓடும்போது லேத்தை மூடி வையுங்கள். இரும்பு தீட்டும் கிரைண்டரில் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள். கல் அடைபடுவது ஒரு பக்கம். கூண்டுக்குள் தேங்கிய இரும்புத் துருத்தூளும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் தெர்மைட் கலவை (பற்றினால் கடும் வெப்பத்தோடு எரிவது), பொறி தயாராக மேலேயே இருக்கிறது. கூண்டின் அடியில் சேரும் தூளை அவ்வப்போது எடுத்துவிடுங்கள், முகக்கவசத்தோடு.